மதிலின் மேலும் கீழும்

அன்புள்ள ஐயா,

வட அயர்லாந்தில் புராட்டஸ்டண்டு சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் ஊர்வலங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். முந்நூறு ஆண்டு பழைய போரைச் சொல்லிக் கத்தோலிக்கர் தெருவில் மேளம் அடிப்பது வெறுப்பில்லாமல் வேறென்ன? சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்த எனக்கு வெட்கமாக இருந்தது. தடை செய்துவிட்டால் என்ன?

– ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள சகோதரிக்கு,

வெறுப்பு என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. பெரிய அமைப்பான ஆரஞ்சு சங்கம் இருக்கட்டும். டெர்ரி நகரின் 'அப்ரெண்டிஸ் பாய்ஸ்' (தொழில் பழகும் பையன்கள்) சங்கத்தைப் பாருங்கள்.

1688 டிசம்பரில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் படை, புராட்டஸ்டண்டுகள் வாழ்ந்த டெர்ரியை நெருங்கியது. ஊர்ப் பெரியவர்கள் தயங்கி நின்றபோது, தொழில் பழகிக்கொண்டிருந்த 13 பையன்கள் ஓடிப்போய்க் கோட்டைக் கதவுகளைச் சாத்தினார்கள். மறு ஆண்டு 105 நாள் முற்றுகை. உள்ளே இருந்த ஜார்ஜ் வாக்கர் என்ற பாதிரியார் அன்றைய விலைகளைக் குறித்து வைத்திருக்கிறார்: பூனை நாலரை ஷில்லிங், எலி ஒரு ஷில்லிங், சுண்டெலி ஆறு பென்ஸ். சுண்டெலிக்கு விலை வைத்துத் தின்ற பாட்டன்மாரைப் பேரப்பிள்ளைகள் எப்படி மறப்பார்கள்? இன்றும் சங்கத்தில் சேருகிறவர் எந்த ஊர்க்காரரானாலும் அந்த மதிலுக்குள் வந்துதான் சேர வேண்டும்.

ஆனால் மதிலுக்குக் கீழேயும் ஓர் ஊர் இருக்கிறது. வாக்கருக்கு மதில்மேல் எழுப்பிய தூணை 1973-ல் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் குடியரசு ஆயுதப்படை குண்டுவைத்துத் தகர்த்தது, பீடம் மிச்சம். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் கத்தோலிக்கர் வாழும் பாக்சைடின் கூரைகள் தெரியும். நகரில் அவர்களே பெரும்பான்மை. ஆனாலும் புராட்டஸ்டண்டு ஆட்சியாளர்கள் தேர்தல் வட்டங்களைத் தந்திரமாகப் பிரித்து, நகராட்சியைப் பல பத்தாண்டுகள் அவர்கள் கைக்கு வராமல் வைத்திருந்தார்கள். 1969 ஆகஸ்ட் 12, இந்தச் சங்கத்தின் ஊர்வலத்தன்று மதில்மேல் நின்றவர்களில் சிலர் அந்த வீடுகளை நோக்கிச் சில்லறைக் காசு வீசினார்கள். பிறகு கல் பறந்தது. மூன்று நாள் கலவரம். 14-ஆம் தேதி பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது. பட்டினியை நினைவுகூர வந்த இடத்தில் ஏழையின் மேல் காசை எறிந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. நீங்கள் வெட்கப்பட்டது இதற்காக என்றால் நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

தடையால் என்ன ஆகும் என்பதற்கு போர்ட்டடவுன் ஊர் சாட்சி. அங்கே கத்தோலிக்கர் குடியிருக்கும் கார்வாகி சாலை வழியாக ஆரஞ்சு சங்கத்தார் ஊர்வலமாகத் திரும்புவதற்கு 1998 முதல் அனுமதியில்லை. குடியிருப்போர் சங்கத்தோடு நேரில் பேசவும் அவர்கள் நெடுங்காலம் மறுத்தார்கள். மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை. டெர்ரியில் நடந்தது வேறு. ஊர் வணிகர்கள் நடுவில் நிற்க, 'அப்ரெண்டிஸ் பாய்ஸ்' சங்கத்தார் பாக்சைடு மக்களோடு பேச உட்கார்ந்தார்கள். எந்த வழி, எந்த நேரம் என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். சில ஆண்டுகள் பேச்சு முறிந்தும் போனது. இப்போது ஆகஸ்டில் கருஞ்சிவப்புப் பட்டை அணிந்து அவர்கள் மதில்மேல் வலம் வருகிறார்கள். கீழே பாக்சைடில் பெரும்பாலும் அன்றாட வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அன்புடன்.