குப்பம்மாள், அன்பழகன், ரமேஷ்: ஒரு காலத்தில் ஊரெல்லாம் ஒலித்த பெயர்கள் (கேள்வி பதில்)

தமிழ்நாட்டில் எந்தக் காலத்தில் எந்தப் பெயர் பரவியது, ஏன் பரவியது என்று பலர் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஐயா, என் அப்பத்தா பெயர் குப்பம்மாள். இப்படி ஒரு பெயரை ஏன் வைத்தார்கள்?

முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் வைத்த பெயர் அது. பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்து வைத்துக்கொள்வாள். தாய் கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் தன் பிள்ளையையே வாங்கிக்கொள்வாள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, எமன் திரும்பிப் பார்க்க மாட்டான் என்ற நம்பிக்கை. குப்புசாமி, பிச்சை, பிச்சையம்மாள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். மூக்கைக் குத்தி மூக்கன், மூக்கம்மாள் என்று வைத்த ஊர்களும் உண்டு. தாத்தா பாட்டி பெயர் என்பதற்காக வைத்ததைக் கழித்துப் பார்த்தாலும், ஒவ்வொரு குப்பம்மாளுக்கு முன்னாலும் ஒரு பிள்ளைச்சாவு இருக்கிறது. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்து பிள்ளைகள் தங்க ஆரம்பித்ததும் இந்தப் பெயர்களும் குறைந்துவிட்டன. அப்பத்தா பெயரைக் கேட்டு யாராவது சிரித்தால் இதைச் சொல்லுங்கள் அம்மா.

மாரிமுத்து, மாரியப்பன், முத்துமாரி?

அம்மை போட்ட வீடுகளின் பெயர்கள். முத்து என்பது உடம்பில் போடும் அம்மை முத்து. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, பிழைத்தால் அவள் பெயர். இந்தியாவில் பெரியம்மை 1975-ல் ஒழிந்தது. பெயர் இன்னும் இருக்கிறது.

எங்கள் தாத்தா ராமசாமி, அவர் தம்பி சுப்பிரமணி. அப்பா அன்பழகன், சித்தப்பா இளங்கோவன், அத்தை தமிழ்ச்செல்வி. ஒரே தலைமுறையில் எப்படி இந்த மாற்றம்?

வடமொழியை விட்டுத் தமிழிலேயே பெயர் வைக்கச் சொன்ன தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் சேர்ந்து செய்த வேலை. 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம் தன் பெயரையே தமிழாக்கி மறைமலையடிகள் ஆனார். அவருக்கு முன்பே சூரியநாராயண சாஸ்திரி தன்னைப் பரிதிமாற் கலைஞர் ஆக்கிக்கொண்டார். பிறகு திராவிட இயக்கத்தில் ராமையா அன்பழகன் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். தலைவர்கள் மாற்றிக்கொண்டதைத் தொண்டர்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். கூட்டம் முடிந்ததும் மேடைக்குக் கைக்குழந்தையைக் கொண்டுபோய் நீட்டுவார்கள். தலைவர் ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்வார்.

எனக்கு இந்தப் பெயர்கள் மேல் தனி மரியாதை உண்டு. காரணம் தமிழ் மட்டும் இல்லை. குப்புசாமி என்று வைத்தாலும் பண்ணையில் 'டேய் குப்பா' என்றுதான் கூப்பிட்டார்கள். 'சாமி' என்று முடியும் பெயரைச் சேரிப் பிள்ளைக்கு வைக்கவே விடாத ஊர்கள் இருந்தன. அன்பழகன் என்ற பெயரில் சாதி தெரியாது. வாத்தியார் வருகைப் பதிவேட்டைப் பார்த்து வாசிக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மரியாதை கிடைத்தது.

ஸ்டாலின், லெனின் என்பதும் அப்படி வந்ததுதானா?

ஆமாம். 1932-ல் சோவியத் நாட்டைப் பார்த்துவந்த பெரியார், குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றே பெயர் சூட்டியிருக்கிறார். மு.க.ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது அதே மார்ச் 5. அவர் நினைவாக வைத்த பெயர் அது.

திருநெல்வேலியில் என்னோடு படித்தவர்களில் இசக்கிகளும் மாடசாமிகளும் நிறைய. சென்னையில் ஒருவர்கூட இல்லையே அண்ணா?

சாமி இருக்கும் இடத்தில்தான் அதன் பெயரும் இருக்கும், தம்பி. சுடலைமுத்து, இசக்கிமுத்து, நெல்லையப்பன், காந்திமதி என்று கேட்டதுமே உங்கள் சீமை தெரிந்துவிடும். எல்லா மதத்துக்கும் இது பொருந்தும். நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது பெயரால் கடலோரம் முழுக்க நாகூர் மீரான்களும் சாகுல் ஹமீதுகளும் இருக்கிறார்கள். வேளாங்கண்ணி மாதாவால் ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடிக் கடற்கரைக்கு, வந்த பாதிரியார் சவேரியாரால் சவரிமுத்து. பேதுரு ராயப்பன் ஆகவும், யோசேப்பு சூசை ஆகவும், சந்தியாகப்பர் சந்தியாகு ஆகவும் நம் ஊரில் வாழ்ந்தார்கள். இன்று அந்த வீடுகளில் பீட்டரும் ஜோசப்பும்தான். சூசை என்ற பெயர் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ரமேஷ், சுரேஷ்?

அறுபது, எழுபதுகளில் பிறந்தவர்கள். ஊர்ச்சாமி பெயரை விட்டு, பட்டணத்துக்குப் பொருந்தும் சின்னப் பெயரைத் தேடியவர்களின் பிள்ளைகள். பெரிதாகச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

மகனுக்குத் தாத்தா பெயரான மாடசாமி வைக்க எனக்கு ஆசை. மனைவி தயங்குகிறாள்.

அவங்க தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பள்ளியில் கேலியைத் தாங்கப்போவது பிள்ளை. நம் வீடுகளில் எப்போதும் இரண்டு பெயர் இருந்திருக்கிறது: மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள் என்பதால், தாத்தா பெயர் வைத்த பேரனை 'ராசா' என்றோ 'தம்பி' என்றோதான் கூப்பிடுவாள். நீங்களும் சான்றிதழில் ஒன்று, வீட்டில் ஒன்று வைக்கலாம். அவசரம் வேண்டாம். பிறப்பைப் பதிந்துவிட்டால் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வயது வரை சேர்க்க இடமுண்டு. அதற்குள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.