பில்லில் வரிக் கணக்கு: மலேசியாவின் சுங்கை சிப்புட் வணிகர்களுக்குப் பதில்கள்

கார்ப் பட்டறை உரிமையாளர்: ஐயா, 2024 பிப்ரவரியில் கொடுத்த பில்லை அக்சஸ் (Microsoft Access) தரவுத்தள மென்பொருளில் மறுபடி அச்சிட்டபோது, 6 விழுக்காட்டுச் சேவை வரி 8 விழுக்காடாகி, மொத்தத் தொகையும் கூடிவிட்டது. காரணம் என்ன?

பதில்: வரி விகிதத்தைச் சூத்திரத்துக்குள்ளேயே எழுதி வைத்திருந்து, 2024 மார்ச் 1ஆம் தேதி விகிதம் உயர்ந்தபோது அந்த எண்ணைத் திருத்தியிருப்பீர்கள், பழைய பில்களும் கூடவே மாறிவிட்டன. விகிதங்களை, நடப்புக்கு வந்த தேதியோடு தனி அட்டவணையில் வையுங்கள். பில் போடும்போதே உரிய விகிதத்தையும் வரித் தொகையையும் பில்லின் ஒவ்வொரு வரிசையிலும் சேமித்துவிடுங்கள். கணக்கிட்டுப் பெறக்கூடியதைச் சேமிக்கலாகாது என்று தரவுத்தளப் பாடத்தில் படித்திருப்பீர்கள், ஆனால் பில் என்பது அன்றைய விற்பனைக்கான சான்று என்பதால், அந்த விதி இங்கே பொருந்தாது.

மளிகைக் கடைக்காரர்: தோட்டத்து மக்களுக்கு விற்கும் சாமான்களுக்கு நானும் விற்பனை வரி போட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அது உற்பத்தியாளரிடமோ இறக்குமதியின்போதோ ஒரே கட்டத்தில் வசூலிக்கப்படும் வரி. 2018 மே வரை கடையிலும் வசூலிக்கப்பட்ட பொருள், சேவை வரியின் (ஜிஎஸ்டி) நினைவில் கேட்கிறீர்கள் போலும்.

மரச்சாமான் உற்பத்தியாளர்: வரிசைகளில் தெரியும் வரியைக் கூட்டினால் 3.99 ரிங்கிட், பில்லின் அடியில் 4.00 ரிங்கிட். எது சரி?

பதில்: 13.34 ரிங்கிட் விலையில் மூன்று வரிசைகள் இருந்தால், 10 விழுக்காட்டு விற்பனை வரியில் ஒவ்வொன்றுக்கும் 1.334 வரும். அக்சஸில் பணத்தொகைக்கான கரன்சி (Currency) தரவு வகை நான்கு தசம இடங்களைக் காப்பதால், திரையில் 1.33 என்று தெரிந்தாலும் உள்ளே 1.334தான் இருக்கிறது, மூன்றும் சேர்ந்து 4.002 ஆகிறது. வரிசையிலேயே இரண்டு தசம இடங்களுக்கு முழுமைப்படுத்திச் சேமித்த பிறகு கூட்டினால் இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் அதற்கு அக்சஸின் ரவுண்ட் (Round) சார்பை நம்பிவிடாதீர்கள்: சரிபாதியில் நிற்கும் எண்ணை அது இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் தள்ளும். 31.25 ரிங்கிட்டுக்கு வரி 3.125; நாம் 3.13 என்போம், அது 3.12 என்னும். பத்து விழுக்காட்டில், 5 சென்னில் முடியும் எல்லா விலையும் இப்படிப் பாதியில் வந்து நிற்கும். ஆகவே வரியை 100ஆல் பெருக்கி, 0.5 கூட்டி, தசமப் பகுதியை நீக்கும் இன்ட் (Int) சார்பால் முழு எண்ணாக்கி, மறுபடி 100ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

அதே உற்பத்தியாளர்: ரொக்கமாகத் தருபவருக்கு மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்வதையும் வரியிலேயே சேர்த்துவிடலாமா?

பதில்: கூடாது. 47.83 ரிங்கிட் 47.85 ஆகும்போது அந்த 2 சென் வரியன்று. மொத்தத்துக்குக் கீழே தனிப் புலத்தில் நிற்கட்டும்.