பனியின் நீல நிழல்

வணக்கம் அண்ணா,

சித்திரப் பாடத்துக்காக ரஷ்ய ஓவியர் ஐசக் லெவிதானின் 'மார்ச்' ஓவியத்தைப் பார்த்தேன். வெயிலில் பனிக்காடு, வீட்டு வாசலில் ஒரு குதிரை. வசந்தம் தொடங்குகிறது என்கிறார்கள், ஆனால் ஒரு தளிர்கூட இல்லை. நிழல்கள் வேறு நீலமாக இருக்கின்றன. கற்பனையா? பனியே காணாத நாங்கள் இதை எப்படி ரசிப்பது?

வாசகி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தங்கைக்கு,

நிழலில் இருந்தே தொடங்குகிறேன், படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அந்த நீலம் உண்மையானது. வெயில் படாத இடத்திலும் வானத்தின் வெளிச்சம் விழுந்துகொண்டே இருக்கும். வானம் நீலம். பனி வெள்ளை என்பதால், விழுந்த நிறத்தை அப்படியே காட்டிவிடும். முகில் இல்லாத ஒரு காலையில் வெள்ளைச் சீலை ஒன்றை முற்றத்தில் விரித்து, தென்னை நிழல் அதில் விழும்போது பாருங்கள். கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். நிழல் கறுப்பு என்று சின்ன வயதிலேயே பழகிவிட்டோம், கண் முதலில் அதைத்தான் சொல்லும். பிறகு மெல்ல நீலம் தெரியும்.

சரி, தளிருக்கு வருவோம். லெவிதான் இதை 1895இல், ரஷ்யாவின் த்வேர் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் தங்கியிருந்தபோது வரைந்தார். அங்கே மார்ச்சில் மரம் தளிர்க்காது. வெளிச்சம்தான் முதலில் வரும். வண்டித் தடத்தில் பனி இளகி அழுக்கேறிக் கிடக்கிறது. உயர்ந்த மரமொன்றில் பறவைகளுக்காக ஒரு பெட்டி கட்டியிருக்கிறார்கள். வீட்டுக் கதவு திறந்திருக்கிறது.

அந்தக் கதவை எனக்கு நன்றாகத் தெரியும். மாரி விட்டு முதல் வெயில் எறிக்கும் நாளில் எங்கள் அம்மா கதவு யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, பாய் தலையணைகளை வெளியே கொண்டுவந்து காயப்போடுவார். வளவில் வெள்ளம் வற்றியிராது, சுவரில் ஈரம் அப்படியே இருக்கும். ஆனாலும் காலம் திரும்பிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பங்குனி, சித்திரையில் நம் களப்புகளை விட்டு வலசைப் பறவைகள் வடக்கே புறப்படும். அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவற்றின் நினைவுதான் வருகிறது.

அப்புறம், லெவிதானின் ஆசிரியர் சவ்ராசவ் 1871இல் வரைந்த 'காக்கைகள் திரும்பிவிட்டன' ஓவியத்தையும் தேடிப் பாருங்கள். மங்கிய வானம், உருகும் பனி, மெலிந்த பிர்ச் மரங்களில் கூடு கட்டும் காக்கைகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாணவர் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்பது புரியும். ஆசிரியர் பறவைகளை வரைந்தார். மாணவர் அவை வரப்போகும் பெட்டியை வரைந்தார். எனக்குப் பிடித்தது அந்தப் பெட்டிதான்.

அந்தச் சீலையை விரித்துப் பார்த்த பிறகு, கறுப்பு வர்ணத்தைத் தொடாமல் ஒரு நிழலை வரையுங்கள். வரைந்ததை எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.