போக்கர் டோர்னமென்ட்டில் எவ்வளவு பெட் கட்டுவது என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

கேஷ் கேமில் (நேரடியாகப் பணத்துக்கு ஆடும் ஆட்டம்) ஓரளவு தேறிவிடுகிறேன், டோர்னமென்ட் என்றால் மட்டும் பாதி வழியில் சிப்ஸ் (பெட் கட்டும் வில்லைகள்) கரைந்து வெளியே வந்துவிடுகிறேன் என்கிறீர்கள். பாதியில் வெளியேறுவதை மட்டும் வைத்து ஆட்டம் மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலான டோர்னமென்ட்களில் ஏழு, எட்டுப் பேருக்கு ஒருவர் பரிசு வாங்கினாலே அதிகம். நன்றாக ஆடுகிறவரும் முக்கால்வாசி நேரம் வெறுங்கையோடுதான் எழுந்து போவார்.

சரி, பெட் அளவுக்கு வருவோம். நான் சிப்ஸை எண்ணுவதில்லை, எத்தனை பிக் பிளைண்ட் இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகைதான் பிளைண்ட்: சின்னது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட். 20,000 சிப்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். பிளைண்ட் 100/200 என்றால் அது 100 பிக் பிளைண்ட். டோர்னமென்ட் போகப் போக பிளைண்ட் ஏறி 500/1,000 ஆனதும் வெறும் 20. ஒரு சிப்கூடத் தோற்காமலே ஏழையாகிவிட்டீர்கள்! கேஷ் கேம் பழக்கத்தில் வருபவர்கள் 100 பிக் பிளைண்டுக்கான பெட்டையே 20 பிக் பிளைண்டிலும் கட்டுவார்கள். கரைவது அங்கேதான்.

ஃபிளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாக முதலில் திறக்கும் மூன்று சீட்டு) பெட் வைக்கும் முன் நான் பார்ப்பது இரண்டு எண்கள்: பாட் (நடுவில் சேர்ந்த சிப்ஸ்) எவ்வளவு, எனக்கும் எதிராளிக்கும் மிச்சம் எவ்வளவு (இருவரில் யாருடையது குறைவோ அதுதான் கணக்கு). ஃபிளாப், டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது) என மூன்று சுற்றிலும் பாதி பாட் கட்டினால், எதிராளி ஒவ்வொரு முறையும் கால் செய்ய (அதே தொகையைக் கட்ட) பாட் வளர்ந்துகொண்டே போவதால், ஃபிளாப்பில் இருந்த பாட்டைப் போல மூன்றரை மடங்கு உங்களிடமிருந்து உள்ளே போகும். மூன்று முறையும் முழு பாட் கட்டினால் 13 மடங்கு. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

20 பிக் பிளைண்ட் உதாரணத்தையே எடுங்கள். நீங்கள் 2 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறீர்கள் (தொகையை ஏற்றுகிறீர்கள்), பிக் பிளைண்டில் இருப்பவர் மட்டும் கால் செய்கிறார். ஸ்மால் பிளைண்டும் ஆன்டியும் (பிளைண்டோடு சேரும் இன்னொரு கட்டாயத் தொகை) சேர்த்து பாட் சுமார் 5.5. உங்களிடம் மிச்சம் 18, அதாவது மூன்று பாட்டுக்குக் கொஞ்சம் மேல். பாதி பாட் வீதம் கட்டிக்கொண்டே போனால் ரிவரில் இயல்பாக ஆல் இன் (மிச்சம் முழுவதையும் கட்டுவது) வந்துவிடும். நல்ல ஜோடி கிடைத்த கைக்கு இது போதும், ஃபிளாப்பிலேயே முழு பாட்டைத் தூக்கிப் போட்டு எதிராளியை விரட்ட வேண்டியதில்லை. இதே ஆட்டம் 100 பிக் பிளைண்டோடு நடந்தால், பாதி பாட் மூன்று முறை கட்டியும் பெரும்பகுதி சிப்ஸ் உங்கள் முன்னாலேயே கிடக்கும். பெரிய கைக்குப் பெரிய காசு வேண்டுமென்றால் அங்கே அளவைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது, எதிராளிக்கு நீங்கள் கொடுக்கும் விலை. பாட்டில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் அவர் 20 சதவீதம் ஜெயித்தாலே கால் செய்வது நஷ்டமில்லை. பாதி பாட் என்றால் 25, முழு பாட் என்றால் 33. இப்போது டர்னில் ஒருவர் ஃபிளஷுக்கு (ஒரே சூட்டில், அதாவது ஸ்பேடு, ஹார்ட் போன்ற ஒரே வகையில், ஐந்து சீட்டு) இன்னும் ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கிறார். அவர் பார்க்காத 46 சீட்டில் 9 உதவும், கிட்டத்தட்ட 20 சதவீதம். அவருக்கு மூன்றில் ஒரு பங்கு கட்டுவது சரியான விலைக்கு டிக்கெட் கிழித்துக் கொடுப்பது. பாதி பாட்டுக்கு மேல் போனால் கால் செய்யும் ஒவ்வொரு முறையும், ரிவரில் அவருக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காதவரை, அவர் இழக்கிறார்.

பிளஃபுக்கு (நல்ல கை இல்லாமலே பெட் கட்டி மிரட்டுவது) கணக்கு வேறு. மூன்றில் ஒரு பங்கு கட்டினால் நான்கில் ஒரு முறை எதிராளி ஃபோல்டு செய்தாலே (சீட்டைப் போட்டுவிட்டு விலகினாலே) முதலுக்கு மோசமில்லை, முழு பாட் கட்டினால் இரண்டில் ஒரு முறை செய்ய வேண்டும். அதனால் ஏஸ், 7, 2 என்று மூன்றும் வேறு வேறு சூட்டில் விழுந்த ஃபிளாப்பில், முன்பு ரெய்ஸ் செய்தவர் நானாக இருந்தால், சின்ன பெட்டே போதும். ஒன்றும் கிடைக்காதவர் சின்னதற்கும் விலகுவார், பெரியதற்கும் விலகுவார். ஜாக், 10, 8 என்று இரண்டு ஒரே சூட்டில் விழுந்தால் எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று இருக்கும். அங்கே நல்ல கையோடு பெரிதாகக் கட்டுவேன், ஒன்றுமில்லாவிட்டால் பேசாமல் செக் (பெட் கட்டாமல் விடுவது). ஃபோல்டே செய்யாத ஆசாமி எதிரில் இருந்தால் பிளஃப் என்ற பேச்சே வேண்டாம்.

ஃபிளாப்புக்கு முன் ஒரே அளவு ரெய்ஸ் போதும். ஏஸ் ஜோடிக்கு நான்கு மடங்கு, சுமாரான கைக்கு இரண்டு மடங்கு என்று மாற்றினால் கையைத் திறந்து காட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

ஸ்டாக் (உங்களிடம் இருக்கும் மொத்த சிப்ஸ்) 10 பிக் பிளைண்ட் பக்கம் இறங்கியதும் இந்த நுணுக்கமெல்லாம் தேவையில்லை. பிளைண்டும் ஆன்டியும் சேர்ந்து நடுவில் இரண்டரை பிக் பிளைண்ட் கிடக்கிறது, யாரும் கால் செய்யாவிட்டால் உங்கள் ஸ்டாக் கால் பங்கு கூடும். இரண்டரை போட்டு ரெய்ஸ் செய்துவிட்டு அடுத்தவர் ஆல் இன் என்றதும் ஃபோல்டு செய்வது அதே கால் பங்கைத் தானமாகக் கொடுப்பது. பெரும்பாலும் ஆல் இன் அல்லது ஃபோல்டு, அவ்வளவுதான்.

கடைசிக் கட்டம் தனி உலகம். மூன்று பேர் சம சிப்ஸோடு மிச்சம், பரிசு 50, 30, 20 சதவீதம் என்று வைப்போம். இப்போது உங்கள் பங்கின் மதிப்பு மொத்தப் பரிசில் 33.3 சதவீதம். ஒருவர் ஆல் இன் வைக்க, நீங்கள் கால் செய்து ஜெயித்தால் சிப்ஸ் இரட்டிப்பாகும், மதிப்போ 43.3தான் ஆகும். தோற்றால் 20. பத்து ஏறுவதற்காக பதின்மூன்றைப் பணயம் வைக்கிறீர்கள், அதனால் 57 சதவீதமாவது ஜெயிக்கும் கை வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்த மூன்றாமவர் 36.7க்குப் போய்விடுகிறார். இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் கால் செய்வதைக் குறைப்பது மட்டுமில்லை. எதிராளியும் இதே பயத்தில் இருப்பார், ஆகவே முதலில் ஆல் இன் வைப்பவராக நாம் இருக்கலாம். பரிசு வரம்புக்குச் சற்று முன்பும் இதே கதைதான். பெரிய ஸ்டாக் வைத்திருப்பவர் நடுத்தர ஸ்டாக்குகளைத் துரத்துவது ஆணவத்தால் இல்லை, கணக்கு தெரிந்துதான்.

பயிற்சிக்கு நான் செய்வது இதுதான்: ஆடி முடித்ததும், என் ஸ்டாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போன கைகளை மட்டும் குறித்து வைப்பேன். ஒவ்வொன்றிலும் அந்த பெட்டை எந்தக் கை கால் செய்யும், எந்தக் கை ஃபோல்டு செய்யும் என்று எழுதிப் பார்ப்பேன். மோசமான கை எதுவும் கால் செய்யாது, நல்ல கை எதுவும் ஃபோல்டு செய்யாது என்று வந்தால் அந்த பெட் வெட்டி. உங்கள் கடைசி நான்கைந்து டோர்னமென்ட்களை இப்படிப் பார்த்துவிட்டுச் சந்தேகமான கைகளை பிளைண்ட், ஸ்டாக் விவரத்தோடு கருத்தில் போடுங்கள், பார்க்கிறேன்.