கறுத்துப்போன திக்கெம்: வாங்கலாமா, எப்படித் திறப்பது?

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். ஓர் ஏலத்தில் ஷத்தோ திக்கெம் என்ற பிரெஞ்சு இனிப்பு ஒயினின் 1988ஆம் ஆண்டு முழுப் போத்தல் ஒன்றும் அதே ஆண்டின் அரைப் போத்தல் ஒன்றும் வருகின்றன. படத்தில் முழுப் போத்தல் தேன் நிறம். அரைப் போத்தல் பால் ஊற்றாத தேநீர் போலக் கறுத்திருக்கிறது. கறுத்தது கெட்டதா? வாங்கினால் எப்படி வைத்து, எப்படித் திறந்து குடிப்பது?

பதில்: அரைப் போத்தல் கூடுதலாகக் கறுத்திருப்பதில் வியப்பில்லை. இரண்டுக்கும் கழுத்தும் தக்கையும் ஏறக்குறைய ஒரே அளவு. உள்ளே இருக்கும் ஒயின்தான் பாதி. தக்கையைத் தாண்டி நுழையும் அதே அளவு காற்று 375 மிலியை 750 மிலியைவிட வேகமாக முதிர வைக்கிறது. ஆகவே கறுப்பை விடுங்கள், தெளிவைப் பாருங்கள். போத்தலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செம்பொன்னும் ஆரஞ்சும் கலந்து பளிச்சென்று ஒளி ஊடுருவினால் கவலையில்லை. ஒளி ஏறாத, மங்கிய மண்நிறம் என்றால் தொடவேண்டாம்.

நிறத்தைவிட அதிகம் சொல்வது ஒயின் நிற்கும் மட்டம். 1988க்கு அது கழுத்துக்குள்ளோ கழுத்தின் அடியிலோ இருக்கவேண்டும். தோள்பட்டையின் மேல் விளிம்பு வரை இறங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். தோளின் நடுவுக்குப் போயிருந்தால் தக்கை தோற்றுவிட்டது என்று பொருள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். தக்கையை மூடியிருக்கும் உறையின் ஓரத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ, தக்கை மேலே துருத்தியிருந்தாலோ, போத்தல் எப்போதோ சூட்டில் வெந்திருக்கலாம். இனிப்பு ஒயின் எதையும் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சர்க்கரையும் புளிப்பும் ஆயுளை நீட்டும், உண்மைதான். சூட்டில் வெந்த ஒயினை அவை மீட்டுத் தராது.

போலிகளைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. விளைச்சல் தரமில்லாத ஆண்டுகளில் திக்கெம் தோட்டம் தன் பெயரில் இனிப்பு ஒயினே வெளியிடுவதில்லை. 1910, 1915, 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992, 2012 ஆகிய ஆண்டுகளைப் போட்டு யாராவது விற்றால், பேரம் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். 1988 லேபிளில் தோட்டத்தின் பெயருக்குக் கீழே லூர்-சாலூஸ் என்ற குடும்பப் பெயர் இருக்கவேண்டும். 1785இல் ஒரு திருமணத்தின் வழியாக அவர்கள் கைக்கு வந்த தோட்டம் இது. 1990களின் இறுதியில் எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனத்திடம் போனது. ஏல விலையோடு வாங்குபவர் கட்ட வேண்டிய கமிஷனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு விலை ஏன் என்றால், திக்கெம் இருக்கும் சோத்தேர்ன் பகுதியில் குளிர்ந்த சிரோன் ஆறு சற்றே வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கும்போது இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும்புகிறது. அதில் போட்ரைட்டிஸ் பூஞ்சை திராட்சையில் பிடித்துத் தோலைத் துளைக்கிறது. மதிய வெயிலில் நீர் வற்றி, சாறு பாகாகிறது. பறிப்பவர்கள் ஒரே கொடிக்குப் பலமுறை திரும்பி வந்து, சுருங்கிய பழங்களை மட்டும் எடுப்பார்கள். ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின் என்பது அங்கே வழங்கும் கணக்கு. 1855இல் போர்தோ வட்டார ஒயின்களுக்குப் போட்ட தரவரிசையில் இனிப்பு ஒயின்களில் இதற்கு மட்டும் தனிப்படி கொடுத்தார்கள்.

வைப்பது பெரிய வித்தையில்லை. 11 முதல் 13 டிகிரி செல்சியஸ், 70 சதவீத ஈரப்பதம், படுக்கை நிலை. பலர் மறப்பது வெளிச்சத்தை. சோத்தேர்ன் ஒயின் நிறமற்ற கண்ணாடிப் போத்தலில் வருகிறது. ஜன்னலோர அலமாரியில் அழகுக்கு வைத்தால் ஒயின் பாழாகும். கறுப்புத் தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள். பயணத்தில் குலுங்கி வந்ததை இரண்டு வாரம் அசைக்காதீர்கள்.

திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் படியும். கற்கண்டுத் தூள் போலப் பளபளக்கும் துகள்கள் ஒயினில் தானாகப் படியும் டார்ட்டரேட் உப்பு. கண்ணாடிச் சில்லோ என்று பயப்பட வேண்டாம். முப்பது வயது தாண்டிய தக்கையில் சாதாரணத் திருகியைச் செருகினால் நடுவே பொடிந்துவிடும். இரண்டு தட்டையான கால்கள் உள்ள கருவியை வாங்கிக்கொள்ளுங்கள். கால்களைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இப்படியும் அப்படியும் ஆட்டி இறக்கி, முறுக்கிக்கொண்டே மேலே இழுக்கவேண்டும். நேராக அழுத்தினால் தக்கை உள்ளே விழும். விழுந்துவிட்டால், வெந்நீரில் அலசிய மெல்லிய மஸ்லின் துணியில் வடித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த தக்கையில் ஆண்டு முத்திரை சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குடிக்கும்போது 12 டிகிரி போதும். ஐஸ் போலக் குளிர்ந்தால் மணம் வாயடைத்துப் போகும், சர்க்கரை மட்டுமே நாக்கில் நிற்கும். சின்ன லிக்யூர் கோப்பை வேண்டாம். வெள்ளை ஒயின் கோப்பையில் 60 மிலி ஊற்றி இருபது நிமிடம் விட்டுவையுங்கள். முதலில் லேசாக நெயில் பாலிஷ் நெடி வரலாம். பூஞ்சை பிடித்த ஒயினில் அது கொஞ்சம் இயல்பு. கலைந்ததும் ஆரஞ்சுத் தோல், குங்குமப்பூ, உலர்ந்த அத்தி, கருப்பட்டிப் பாகு என்று ஒவ்வொன்றாக எழும்பும். நெடி கலையாமல் நின்றாலோ, நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தாலோ அது குறைதான். சர்க்கரை அளவு வயதால் குறைவதில்லை. ஆனால் முதிர்ந்தது நாக்குக்கு இனிப்புக் குறைவாகவே படும்.

கூடவே ஜாங்கிரியும் லட்டும் வைக்காதீர்கள். ஒயினைவிட இனிப்பான பண்டம் பக்கத்தில் வந்தால் ஒயின் வெறும் புளிப்பாகிவிடும். ரோக்ஃபோர் என்ற நீலப் பூஞ்சைச் சீஸின் உப்பு அருமையாகச் சேரும். வறுத்த கோழியும் அப்படியே.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், மட்டம் சரியாக இருக்கும்பட்சத்தில், முழுப் போத்தலை வாங்கி இன்னும் பல ஆண்டுகள் வைக்கலாம். அரைப் போத்தலை வாங்கினால் இந்த ஆண்டே குடித்துவிடுங்கள். இதுவே முதல் தடவை என்றால், அதற்கு முன் அதே சோத்தேர்ன் பகுதியைச் சேர்ந்த, விலை குறைந்த சுதுய்ரோ தோட்டத்தின் அரைப் போத்தல் ஒன்றில் கையும் நாக்கும் பழக்கிக்கொள்வது செலவுக்கு நல்லது. மிச்சத்தைத் தக்கையிட்டு ஃபிரிட்ஜில் நிறுத்தி வைத்தால் ஒரு வாரம் தாங்கும். சில போத்தல்கள் இரண்டாம் நாளில்தான் வாய் திறக்கின்றன.