பிரேக் பிடிப்பதற்கு முன்னால் ஓடும் தூரம்: கேள்வி பதில்

கே: கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிறது. ஓட்டுநரின் எதிர்வினை நேரம் 0.7 வினாடி, பிரேக் தரும் எதிர்முடுக்கம் 5 மீ/வி². எத்தனை மீட்டரில் நிற்கும்? எனக்கு 40 வருகிறது. புத்தகத்தில் 54 என்று இருக்கிறது.

ப: 40 தப்பில்லை, பாதிக் கணக்குதான். 72-ஐ 3.6-ஆல் வகுத்தால் 20 மீ/வி. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் வரை முடுக்கம் சுழி, அந்த 0.7 வினாடியில் கார் அதே வேகத்தில் 14 மீட்டர் ஓடிவிடும். அப்புறம்தான் பிரேக்: 20-இன் வர்க்கம் 400, அதை எதிர்முடுக்கத்தின் இருமடங்கான 10-ஆல் வகுத்தால் 40. இரண்டையும் ஒரே சமன்பாட்டில் திணிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் வேக-நேர வரைபடம் போடுங்கள். முதலில் ஒரு செவ்வகம், அதை ஒட்டி ஒரு முக்கோணம். மொத்தப் பரப்பளவுதான் தூரம்.

கே: வேகத்தைப் பாதியாக்கினால் தூரமும் பாதியாகுமா?

ப: அதைவிடக் குறையும். 7-உம் 10-உம் சேர்ந்து 17 மீட்டர்தான்.

கே: 40 மீட்டர் தள்ளி மாடு நிற்கிறது. எதிர்வினை நேரம் 0.5 வினாடி, எதிர்முடுக்கம் 4 மீ/வி². எந்த வேகம் வரை மோதாமல் தப்பலாம்?

ப: வேகத்தை ‘வே’ என்று வைத்துக்கொண்டால் 0.5வே + வே²/8 = 40. அதாவது வே² + 4வே − 320 = 0. விடைகள் 16, −20. கார் மாட்டை நோக்கித்தானே போகிறது, அதனால் −20-ஐ விட்டுவிடலாம். 16 மீ/வி என்றால் மணிக்கு 57.6 கி.மீ.

கே: முன்னால் போகிற காரும் என் காரும் ஒரே வேகம், ஒரே பிரேக். அப்போதும் 54 மீட்டர் இடைவெளி வேண்டுமா?

ப: வேண்டாம். பிரேக் தூரம் இருவருக்கும் சமம் என்பதால் அது கழிந்துவிடும்; 14 மீட்டருக்குச் சற்று அதிகம் இருந்தால் போதும். ஆனால் இது தாளில் மட்டும் செல்லுபடியாகும். உங்கள் டயர் தேய்ந்திருந்தால் எதிர்முடுக்கம் குறையும், 14 போதாது.

கே: என் எதிர்வினை நேரத்தை வீட்டிலேயே அளக்க முடியுமா?

ப: முடியும். நண்பர் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விடட்டும், நீங்கள் இரண்டு விரலால் பிடியுங்கள். 20 செ.மீ. விழுந்திருந்தால் சுமார் 0.2 வினாடி. கால் நகர வேண்டியதால் வண்டியில் இதைவிட அதிகமாகும். ஓட்டப்பந்தயத்தில் 0.1 வினாடிக்குள் கிளம்பினாலே தவறான தொடக்கம். 2022 உலகப் போட்டியில் டெவன் ஆலன் 0.099-இல் கிளம்பியதால் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதிச் சுற்றிலிருந்து வெளியேற்றப்பட்டார்.