தட்டுமனைக்கு முன்னால் அமர்தல்

அன்புள்ள ஐயா,

நான் திருச்சியில் பரதநாட்டியத்தில் இளங்கலைப் பட்டம் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி. ஏழு வயதில் நடனம் கற்கத் தொடங்கி, பள்ளிக் காலத்திலேயே அரங்கேற்றமும் முடித்துவிட்டேன். ஆனால் கல்லூரிக் குழு நடனங்களில் இரண்டு ஆண்டுகளாகப் பின்வரிசையில்தான் ஆடுகிறேன். இப்போது நான்கு பேர் ஆடுவதற்கான எட்டு நிமிட உருப்படி ஒன்றை நானே அமைக்க வேண்டும். எப்படி அமைத்தாலும் அது என் குருவின் நடனத்தைப் போலவே வருகிறது. நான் வளர்ந்திருக்கிறேனா என்றே ஐயமாக இருக்கிறது.

அன்புள்ள மாணவிக்கு,

பின்வரிசையைக் குறையாக எண்ணாதீர்கள். தனியாக ஆடுபவர் அரை அட்சரம், அதாவது தாளத்தில் அரை எண்ணிக்கை, பிசகினால் தாளம் தட்டி நடனத்தை நடத்தும் நட்டுவனாரும் மிருதங்கக்காரரும் தாங்கிக்கொள்வார்கள்; குழுவில் அதே பிசகு வரிசையையே உடைத்துவிடும். பக்கத்தில் ஆடுபவரின் அரைமண்டி, அதாவது முழங்கால் மடித்த நிலை, எவ்வளவு தாழ்கிறது, அவர் எத்தனை அடியில் இடத்தைக் கடக்கிறார் என்பதைத் திரும்பிப் பார்க்காமலேயே உணரும் பழக்கம் இந்த இரண்டு ஆண்டுகளில் உங்களுக்கு வந்திருக்கும். உருப்படி அமைப்பவருக்கு முதலில் வேண்டியது அதுதான்.

குருவின் சாயல் வருவது இயல்பு. ஏழு வயதிலிருந்தே உங்கள் உடல் பேசிய மொழி அது ஒன்றுதானே. ஆனால் நீங்கள் ஆடிக்கொண்டே அமைக்க முயல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆடும்போது உடல் தனக்குப் பழகிய வழியிலேயே போகும், பார்ப்பவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்பதை அறியாது. நம் மரபில் நடனத்தை அமைத்தவர்கள் பெரும்பாலும் நட்டுவனார்கள். 19ஆம் நூற்றாண்டில் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான கச்சேரி முறையை ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் இசை வல்லுநர்கள், ஆசிரியர்கள்; பிறர் உடலில் பார்த்துப் பார்த்து அமைத்தவர்கள்.

ஆகவே தட்டுக்கழியை எடுத்துக்கொண்டு, அதால் தாளம் தட்டும் மரக்கட்டையான தட்டுமனைக்கு முன்னால் அமருங்கள். உங்கள் குரு கற்பித்த தீர்மானம் (அடவுகளின் கோவை) ஒன்றை மாற்றாமல் நான்கு தோழியருக்குக் கொடுத்து, அதன் தாளச் சொற்களான சொற்கட்டை நீங்கள் சொல்லுங்கள். பிறகு இருவரை எதிர்த்திசையில் நிறுத்துங்கள். ஒருவரை இரண்டு அட்சரம் தாமதித்துத் தொடங்கச் சொல்லுங்கள். ஒருவரை அசையாமல் நிற்கவையுங்கள். அடவு, அதாவது அடிப்படை அசைவு, பழையதாகவே இருக்க, அதன் பொருள் மாறுவதை நீங்களே காண்பீர்கள். நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985இல் 'அங்கிகா'வை அமைத்தபோது பழைய அடவுகளைக் கைவிடவில்லை. தெய்வக் கதைகளிலிருந்து அவற்றைப் பிரித்து, களரிப்பயிற்று, யோகம் ஆகியவற்றின் அருகில் வைத்தார். ஆண்டுக்கணக்கில் மேடையிலிருந்து விலகியிருந்து திரும்பியவர் அவர். அந்த விலகலும் அவருடைய பார்வைக்கு உதவியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று, கணக்கு. அட்சரத்துக்கு ஒரு வினாடி என்று கொண்டால், எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில் எட்டு நிமிடம் என்பது 60 ஆவர்த்தனம், அதாவது 60 தாளச் சுற்று. அத்தனையையும் கால்வேலை மிகுந்த ஜதியால் நிரப்பினால் பார்ப்பவர் கண் களைத்துவிடும். எங்கே கால்கள் ஓய வேண்டும், எங்கே பாட்டு மட்டும் ஒலிக்க வேண்டும் என்பதை முதலில் தாளில் எழுதிவிட்டுப் பயிற்சி அறைக்குச் செல்லுங்கள்.

உருப்படி மேடையேறும் நாளில் நீங்கள் அந்த நால்வரில் ஒருவராக ஆடாமல், நட்டுவாங்கம் செய்ய அனுமதி கேளுங்கள். எனக்கும் தெரிவியுங்கள், திருச்சிக்கு வந்து பார்க்கிறேன்.